தி ஃப்ளாஷ்: ஓட்டம் குறைந்து பேச்சு கூடிய ஒன்பது சீசன்கள்

“ஃப்ளாஷ் சீரிஸ் நல்லா இருக்குமா? எத்தனை சீசன் வரைக்கும் தாங்கும்?” என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான். முதல் இரண்டு சீசனை யோசிக்காமல் பாருங்கள். மூன்றாவதை மனது கொஞ்சம் தெம்பாக இருக்கும்போது பாருங்கள். நான்கு முதல் ஆறு வரை பொறுக்கிப் பாருங்கள். ஏழும் எட்டும், எடுத்ததை முடிக்காமல் தூக்கம் வராத என் போன்ற ஆட்களுக்கு மட்டும். ஒன்பதில் கடைசி ஐந்து எபிசோட் போதும். இந்தத் தகவல் போதும் என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். ஏன் அப்படி என்று கேட்பவர்களுக்குத்தான் மீதி. கதையின் முடிச்சுகள் எல்லாம் அவிழும், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

அமெரிக்காவின் சி.டபிள்யூ சேனலில் 2014 அக்டோபர் 7 அன்று தொடங்கி 2023 மே 24 அன்று முடிந்த தொடர் இது. ஒன்பது சீசன், 184 எபிசோட். கதை நடப்பது சென்ட்ரல் சிட்டி என்ற கற்பனை ஊரில். படம் பிடித்தது கனடாவின் வான்கூவரில். பாரி ஆலன் (கிராண்ட் கஸ்டின்) போலீஸ் துறையில் தடயவியல் வேலை பார்ப்பவன். சின்ன வயதில் அவன் அம்மா நோரா வீட்டுக்குள்ளேயே கொல்லப்பட்டாள். மின்னல் சுழலுக்கு நடுவே மஞ்சள் உடையில் ஓர் ஆளைப் பார்த்தேன் என்று பையன் சொன்னதை யாரும் நம்பவில்லை. பழி அப்பா ஹென்றி மேல் விழுந்து அவர் சிறைக்குப் போனார். பாரியை வளர்த்தவர் ஜோ வெஸ்ட் என்ற போலீஸ்காரர். பிறகு ஒருநாள் ஸ்டார் லேப்ஸ் என்ற ஆய்வுக்கூடத்தின் துகள் முடுக்கி வெடிக்கிறது, மின்னல் தாக்குகிறது, ஒன்பது மாதம் கோமா. எழுந்தால் உலகத்திலேயே வேகமான மனிதன்.

நான் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைப்பவன். ராத்திரி ரெண்டர் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் பார்த்து முடித்த தொடர். இப்போது எட்டாம் வகுப்பு படிக்கும் அக்கா பையனுக்காக மறுபடியும் முதலிலிருந்து ஓடியது. ஐந்தாவது சீசன் நடுவில் அவன் கேட்டான்: “மாமா, இவன்தான் உலகத்துலயே ஃபாஸ்ட்டு. அப்புறம் ஏன் எப்பப் பாத்தாலும் நின்னு பேசிட்டே இருக்கான்?” தொடர் ஏன் கீழே போனது என்று பலர் பல காரணம் சொல்கிறார்கள்: வில்லன் சரியில்லை, கிராபிக்ஸ் சரியில்லை, ஆட்கள் கூடிவிட்டார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் பையன் கேட்டதில்தான் விஷயமே இருக்கிறது.

முதல் சீசனில் ஓட்டத்துக்கு ஒரு விலை உண்டு. இரண்டாவது எபிசோடிலேயே பாரி ஓடி ஓடி மயங்கி விழுகிறான். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. இதை ஈடுகட்ட எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று ஸ்டார் லேப்ஸ் இன்ஜினியர் சிஸ்கோ கணக்குப் போட்டு, கிட்டத்தட்ட 850 டாக்கோ (மெக்சிகோ தின்பண்டம்) என்கிறான். சிரிப்புக்காக வைத்த வசனம்தான். ஆனால் அதற்குப் பிறகு பாரி ஓடும்போதெல்லாம், அந்தச் சிவப்பு உடைக்குள் களைத்துப்போகிற ஓர் உடம்பு இருக்கிறது என்பது நமக்கு மறப்பதில்லை. ஆறாவது எபிசோடில், பள்ளிக்கூடத்தில் அவனைப் போட்டு அடித்த டோனி, உடம்பையே இரும்பாக்கிக்கொள்ளும் சக்தியோடு வந்து நிற்கிறான். குத்தினால் பாரியின் கைதான் உடைகிறது. சரி, என்ன செய்யலாம்? சில மைல் தள்ளிப் போய், அங்கிருந்து ஒலியை மிஞ்சிய வேகத்தில் ஓடிவந்து ஒரே குத்து. தூரம், வேகம், ஒரு முஷ்டி. அவ்வளவுதான் கதை. பையன் சோபாவில் எழுந்து நின்றுவிட்டான்.

பதினைந்தாவது எபிசோடைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஹாரிசன் வெல்ஸ் என்ற விஞ்ஞானி, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி பாரிக்கு ஓடக் கற்றுக்கொடுப்பவர். எதிர்காலத்திலிருந்து வந்த அவர்தான் அந்த மஞ்சள் உடை ஆள் என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும் (ஈயோபார்ட் தோன் என்ற உண்மைப் பெயர் இந்த எபிசோடில்தான் வெளிவரும்). அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாது. சிஸ்கோ ஒரு பழைய பொறியை ஆராய்ந்துகொண்டிருக்கும்போது, அதற்குள் சிக்கியதாக நினைத்த உருவம் வெறும் ஒளிப்பிம்பம் என்பதைக் கண்டுபிடிக்கிறான். பின்னால் வெல்ஸ் நாற்காலி இல்லாமல் நடந்து வருகிறார். டாம் கவானா அந்த இடத்தில் குரலை உயர்த்தவே இல்லை. உன்னை என் பிள்ளை மாதிரி பார்த்தேன் என்று அன்பாகச் சொல்லிக்கொண்டே வருகிறார். கை அதிர ஆரம்பிக்கிறது, விரல்கள் மங்கலாகின்றன, அந்தக் கை சிஸ்கோவின் நெஞ்சுக்குள் போகிறது. கார்லோஸ் வால்டெஸின் முகத்தில் பயத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம் தெரியும். இந்தக் காட்சியில் எத்தனை கட் இருக்கிறது என்று தொழில் புத்தியில் எண்ணப் பார்த்தேன். பாதியில் எண்ணிக்கை விட்டுப்போய்க் காட்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே எபிசோடின் முடிவில் ஊரை நோக்கிப் பேரலை வருகிறது. கரையோரம் இங்கும் அங்குமாக ஓடிக் காற்றால் சுவர் எழுப்ப வேண்டும். பாரி ஓடுகிறான், இன்னும் வேகமாக, இன்னும் வேகமாக. திடீரென்று பார்த்தால் முந்தைய நாளுக்குள் ஓடிவந்துவிட்டான். வசனமே இல்லாமல், ஓட்டத்தாலேயே கதை திரும்புகிறது. சிஸ்கோ பிழைத்தான், ஆனால் கணக்கு தீரவில்லை. அதற்கு வேறு விலை பின்னால் வந்தது.

சீசன் முடிவில் பாரிக்கு ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. அம்மா கொலையான இரவுக்கே ஓடிப்போய் அவளைக் காப்பாற்றலாம். கையில் இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரம். போகிறான். அங்கே வேறொரு காலத்திலிருந்து வந்த இன்னொரு பாரி சண்டையின் நடுவில் இவனைப் பார்த்து, வேண்டாம் என்று கை காட்டுகிறான். இவன் கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிடுகிறான். கத்தி இறங்கும் சத்தத்தைக் கேட்டபடி அழுகிறான். உலகத்திலேயே வேகமான ஆள் ஓடாமல் நிற்பதுதான் உச்சக்கட்டம்! பிறகு உள்ளே போய், முகமூடியைக் கழற்றி, நான் உன் பாரிதான், நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம் என்று சாகப்போகிற அம்மாவிடம் சொல்கிறான். ஒரு சூப்பர்ஹீரோ தொடரில் இதைவிடச் சுத்தமான முடிவை நான் பார்த்ததில்லை. ஈயோபார்டின் மூதாதையான எடி என்ற போலீஸ்காரன், ஈயோபார்ட் பிறக்கவே கூடாது என்று தன்னைத்தானே சுட்டுக்கொள்வதும் இதே எபிசோடில்தான். ஒவ்வொருவரும் எதையாவது கொடுத்துத்தான் எதையாவது வாங்க முடிந்தது.

இரண்டாவது சீசனின் சூம் பயங்கரமான வில்லன். டோனி டாட்டின் அந்தக் கரகர குரலைக் கேட்டு ராத்திரியில் ஹெட்போனைக் கழற்றி வைத்திருக்கிறேன். ஆறாவது எபிசோடில் பாரியின் முதுகை உடைத்து, துவண்ட உடம்பைப் பத்திரிகை அலுவலகத்துக்கும் போலீஸ் நிலையத்துக்கும் தூக்கிக்கொண்டு போய், இதோ உங்கள் நாயகன் என்று காட்டுகிற இடம் இன்றைக்கும் உறைக்கிறது. எர்த்-2 என்ற மாற்று உலகம், அங்கே தெரிந்த முகங்களே வேறு குணத்தோடு நடமாடுவது, எல்லாம் விறுவிறுப்பு. ஆனால் தொடரின் அச்சு முறிந்தது இந்த சீசனின் கடைசி நிமிடத்தில்தான். சூம் அப்பாவைக் கண்ணெதிரே கொன்ற துக்கத்தில் பாரி மறுபடியும் அந்த இரவுக்கு ஓடி, இந்த முறை அம்மாவைக் காப்பாற்றிவிடுகிறான். முதல் சீசனில் கதவுக்குப் பின்னால் நின்று அழுத பாரி கரைந்து மறைகிறான்.

அப்படியென்றால் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றதற்கு என்ன அர்த்தம்? எடி எதற்குச் செத்தான்? சரி, இந்தத் தவறுக்காவது பெரிய விலை கேட்பார்கள் என்று நம்பி மூன்றாவது சீசனைத் திறந்தால், மாறிப்போன அந்த உலகம் ஒரே எபிசோடில் முடிந்துபோகிறது. காமிக்ஸில் ஃப்ளாஷ்பாயின்ட் என்ற பெயரில் 2011-இல் வந்த பெரிய கதை அது. எழுதிய ஜெஃப் ஜான்ஸ் இந்தத் தொடரை உருவாக்கிய மூவரில் ஒருவர். அவ்வளவு பெரிய சரக்கை ஒரே வாரத்தில் விற்றுத் தீர்த்துவிட்டார்கள். மிச்சமாக, சிஸ்கோவின் அண்ணன் செத்துப்போயிருக்கிறான், பக்கத்துத் தொடரான ஏரோவில் டிகிள் என்ற பாத்திரத்தின் மகள் மகனாகியிருக்கிறாள். பார்வையாளன் இங்கேதான் கற்றுக்கொள்கிறான்: இந்த வீட்டில் சாவு நிரந்தரமில்லை, ஓடிப்போய் மாற்றிக்கொள்ளலாம். அதைக் கற்றுக்கொண்ட பிறகு யார் செத்தாலும் மனது பதறுவதில்லை.

மூன்றாவது சீசனில் தொனியும் மாறியது. 2012-இல் தொடங்கிய ஏரோ இருட்டும் மழையும் கோபமுமாக இருக்கும். அதன் இரண்டாவது சீசனில் விருந்தாளியாக வந்த பாரி, எதைப் பார்த்தாலும் கண் விரியும் பையன். அந்த வெளிச்சத்துக்காகத்தான் அவனுக்குத் தனித் தொடரே பொருந்தியது. மூன்றாவது சீசனில் அவனையும் இருட்டுக்குள் இழுத்துவிட்டார்கள். ஜோவின் மகளும் தன் காதலியுமான ஐரிஸ் கொல்லப்படும் காட்சியை எதிர்காலத்தில் பார்த்துவிட்டு வந்து மாதக்கணக்கில் அதையே சுமந்து திரிகிறான். சாவிடார் என்ற வேகக் கடவுள் யார் என்றால், கைவிடப்பட்ட இன்னொரு பாரிதான். எண்ணம் அருமை. வெளிப்படுவதோ இருபதாவது எபிசோடில். அதற்கு முன்பே பாதிப் பேர் ஊகித்திருப்பார்கள். தொடர்ந்து மூன்றாவது முறையாக வில்லன் பாரியைவிட வேகமான ஓட்டக்காரன் என்பதும் அலுப்புத்தான். காப்பாற்றியது எச்.ஆர். எந்நேரமும் காபியும் கையில் மேளக்குச்சியுமாகத் திரியும் வேறொரு உலகத்து வெல்ஸ். சண்டை தெரியாது, அறிவியல் தெரியாது, எதற்கும் லாயக்கில்லை என்று எல்லோரும் நினைத்த ஆள், ஐரிஸின் முகத்தை அணிந்துகொண்டு அவளுக்குப் பதிலாகச் சாகிறான். அந்தச் சாவை எழுத்தாளர்கள் திரும்பி வாங்கவில்லை. அதனால்தான் அது இன்னும் நிற்கிறது.

டாம் கவானாவுக்குத் தனியாக ஒரு பாராட்டு. கொலைகார வெல்ஸ், எரிந்து விழும் எர்த்-2 ஹாரி, கோமாளி எச்.ஆர்., பிரெஞ்சு வாடையோடு பேசும் துப்பறிவாளன் ஷெர்லோக், ஆறாவது சீசனின் நாஷ் என்று ஒரே முகத்தில் இத்தனை ஆட்கள். விக் கூடப் பெரிதாக மாறாது. தோளை வைத்திருக்கும் விதம் மாறும், ஆள் மாறிவிடுவார். ஏழாவது சீசன் முதல் எபிசோடில் அந்த வெல்ஸ்கள் எல்லோரும் பாரியின் உடம்புக்குள் வந்துபோக, கஸ்டின் ஒவ்வொருவரையும் நடித்துக் காட்டுகிறார். அந்த சீசனில் மனம்விட்டு ரசித்தது அது ஒன்றுதான். அதற்குப் பிறகு சீக்கிரமே கவானா முழுநேர வேடத்திலிருந்து கிளம்பினார், பின்னாலேயே வால்டெஸும் போனார். கூடத்தில் பாதி விளக்கை அணைத்த மாதிரி ஆகிவிட்டது.

இனி பேச்சு விஷயத்துக்கு வருவோம். முதல் சீசனிலும் அறிவுரை உண்டு. ஜோ வெஸ்டாக நடித்த ஜெசி எல். மார்ட்டின் காபிக் கோப்பையோடு வந்து பாரியின் பக்கத்தில் உட்கார்ந்தால் நாமும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவோம். ஆனால் அது எப்போதாவது வரும். நான்காவது சீசனிலிருந்து அது அச்சில் வார்த்த காட்சியாகிவிட்டது. பாரி முகம் தொங்கி ஸ்டார் லேப்ஸ் நடைபாதையில் நிற்பான். யாராவது ஒருவர் மெதுவாக வருவார்கள். பியானோ தொடங்கும். ‘உன் பலம் உன் வேகத்தில் இல்லை, உன் இதயத்தில் இருக்கிறது’ என்கிற பாணியில் நாலு வரி. தோள் வழியாக ஒரு ஷாட், எதிர்த் தோள் வழியாக ஒரு ஷாட், பிறகு பாரியின் கண்ணுக்கு நெருக்கத்தில் ஒன்று. வயலின் சேரும். தலையாட்டுவான். அடுத்த காட்சியில், சற்று முன்பு வரை முடியாதது முடியும். எட்டாவது சீசன் வரும்போது இதைப் பாரிக்கு மட்டுமல்ல, குழுவில் புதிதாகச் சேர்ந்த செஸ்டருக்கு அலெக்ரா, அலெக்ராவுக்கு ஐரிஸ், ஐரிஸுக்கு வேறொருவர் என்று ஊருக்கே விநியோகிக்கிறார்கள். இரண்டு பேர், ஒரு நடைபாதை, மூன்று கேமரா நிலை என்றால் எவ்வளவு சீக்கிரம் முடியும், எவ்வளவு மிச்சமாகும் என்பது எடிட்டிங் டேபிளில் உட்காரும் எவனுக்கும் தெரியும். ஒரு நொடி ஓட்டத்துக்குக் கிராபிக்ஸ் வேலை எவ்வளவு இழுக்கும் என்பதும் தெரியும்.

இன்னொரு காரணம் நீளம். முதல் நான்கு சீசனும் தலா 23 எபிசோட், ஐந்தாவது 22. ஒரே வில்லனை அக்டோபரிலிருந்து மே வரை இழுக்க வேண்டும். வில்லன் தோற்றால் கதை முடிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு வாரமும் அவன் தப்பிக்க வேண்டும். அவன் தப்பிக்க வேண்டுமென்றால் நம் ஆட்கள் ஒவ்வொரு வாரமும் அறிவை அடகு வைக்க வேண்டும். பந்தி நீள நீள ரசத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. ஐந்தாவது சீசனின் சிகாடாவை நினைத்துப் பாருங்கள்: மூச்சிரைக்கும் குரலோடு, சக்தியை உறிஞ்சும் குத்துவாளோடு வருவான், நாலு பேரை வீசி எறிவான், பறந்து போய்விடுவான். அடுத்த வாரமும் அதே.

நான்காவது சீசன் விசித்திரமான கலவை. மூன்றின் இருட்டுக்குப் பரிகாரமாகச் சிரிப்பை அள்ளிக் கொட்டினார்கள். ரப்பர் மாதிரி நீளும் ரால்ஃப் வந்தான். அவன் ஜோக்குகளில் பாதி எனக்கு எரிச்சல், பையனுக்குக் கொண்டாட்டம். நடுவே 2017 நவம்பரில், தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ கிரைஸ்பெர்க்கைப் புகார்களை அடுத்துத் தயாரிப்பு நிறுவனம் நீக்கியது. பொறுப்பு டாட் ஹெல்பிங்கிடம் வந்தது. அது கதையை எவ்வளவு பாதித்தது என்று வெளியிலிருந்து அளக்க முடியாது. ஆனால் சிந்தனையாளன் டெவோ என்ற, ஓடவே தெரியாத வில்லன் நல்ல மாற்றம். மூளையால் மட்டுமே பாரியை மடக்கி, கொலைப்பழி சுமத்தி, அவன் அப்பா கிடந்த அதே சிறை அறைக்கு அனுப்புகிறான். அந்தக் கதையை அப்படியே கொண்டுபோயிருந்தால் எங்கேயோ போயிருக்கும்.

இந்த சீசனில் ஒரு வைரம் இருக்கிறது: பதினைந்தாவது எபிசோட். ஊருக்கு நடுவே அணுகுண்டு வெடிக்கத் தொடங்கிவிட்டது. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முழு எபிசோடும் நடக்கிறது. பாரி தன் வேகத்தை உச்சத்தில் வைத்திருக்கும் வரை உலகம் உறைந்து நிற்கும். நிறுத்தினால் எல்லோரும் சாம்பல். ஒவ்வொருவராகக் கையைத் தொட்டுத் தன் வேகத்துக்குள் இழுத்து யோசனை கேட்கிறான். ஒவ்வொருவரும் முயன்று பார்த்துக் கைவிட்டு உறைந்து போகிறார்கள். கூட ஓடிய வேகக்காரர்களும் துவள்கிறார்கள். கடைசியில் சோர்ந்துபோய் ஐரிஸையும் உள்ளே கொண்டுவருகிறான், ஏறக்குறைய விடைபெற. அவளோடு பேசும்போதுதான் வழி தெரிகிறது. இங்கேயும் பேச்சுத்தான். ஆனால் பேசுகிற ஒவ்வொரு விநாடிக்கும் அவன் உடம்பு விலை கொடுக்கிறது. தனியாக இந்த ஒன்றை மட்டும் பார்த்தாலும் புரியும். தொடரை நம்பாத நண்பர்களுக்கு நான் போட்டுக் காட்டுவது இதைத்தான்.

ஐந்தாவது சீசனில் எதிர்காலத்திலிருந்து மகள் நோரா வருகிறாள். நான் முதலில் அவளோடு ஒட்டவில்லை. எந்நேரமும் துள்ளல், எந்நேரமும் செல்லச் சொற்கள். ஆனால் தன் பாட்டியைக் கொன்ற ஈயோபார்டிடமே அவள் ரகசியமாகப் பாடம் கேட்கிறாள் என்று தெரிந்ததும் கதை சூடுபிடிக்கிறது. கடைசியில் காலம் மாறியதால் அவள் அழிய வேண்டும். தப்பிக்க வழி இருந்தும் மறுத்து, அப்பா அம்மா கைகளுக்குள் இருந்தபடியே மறைகிறாள். பழைய ஃப்ளாஷ் திரும்பிவிட்டது என்று நினைத்தேன். ஏழாவது சீசன் முடிவில் அதே முகம், அதே பெயர், கூடவே தம்பி பார்ட்டோடு வந்து நிற்கிறாள். காலவரிசை மாறிவிட்டதாம். “அப்ப அன்னிக்கு அழுததெல்லாம் வேஸ்டா மாமா?” என்றான் பையன். நான் என்ன சொல்ல?

ஆறாவதில் எரிக் வாலஸ் பொறுப்புக்கு வந்து, சீசனை இரண்டு தனிக் கதைகளாக வெட்டினார். நீளத்துக்கு இதுதான் மருந்து. முதல் பாதி, என் கணக்கில், முதல் சீசனுக்குப் பிறகு தொடர் எட்டிய உயரம். வரப்போகும் பேரழிவில் நீ செத்தாக வேண்டும் என்று பாரிக்குத் தெரிந்துவிட்டது. அவன் சாவுக்குத் தயாராகிறான். எதிரே ராம்சி ராஸோ என்ற மருத்துவர், சாவை ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்று ரத்தத்தால் ஒரு படையைக் கட்டுகிறார். நடித்தவர் செந்தில் ராமமூர்த்தி. பெயரைத் திரையில் பார்த்ததும் சமையலறையிலிருந்து அக்காவே வந்து உட்கார்ந்துவிட்டாள். மற்ற தொடர்களோடு சேர்ந்த அந்தப் பேரழிவில், 1990-இல் ஃப்ளாஷாக நடித்த ஜான் வெஸ்லி ஷிப், அதே பழைய உடையில், பாரிக்குப் பதிலாக ஓடிச் சாகிறார். நடுவே 1990 தொடரின் துண்டு ஒன்று வந்துபோகிறது. முதல் தொடரில் நாயகன், இதில் பாரியின் அப்பா, இப்போது இந்த ஓட்டம். மூன்றும் ஒரே ஆள் என்பது தெரிந்து பார்த்தால் தொண்டை அடைக்கும்.

இரண்டாம் பாதியின் கண்ணாடி உலகக் கதையைக் கொரோனா பாதியில் நிறுத்தியது. 19 எபிசோடோடு 2020 மே மாதம் நின்றது, மீதி 2021 மார்ச்சில் வந்தது. அதற்குள் கதையின் சூடு போய்விட்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன், உலகமே நின்றிருந்த நேரம். ஆனால் அதற்குப் பிறகு வந்ததற்கு அந்தச் சாக்கு செல்லாது. வேகத்தின் ஆற்றலே பாரியின் அம்மா உருவில் வந்து குடும்பச் சண்டை போடுகிறது. சீசன் கடைசியில் பாரியும் ஈயோபார்டும் காட்ஸ்பீட் என்ற இன்னொரு வேகக்கார வில்லனும் மின்னலில் வாள் செய்து சுழற்றுகிறார்கள். ஓட்டக்காரர்களின் சண்டையில் ஓட்டத்தையே காணோம். பையன் கூடச் சிரித்துவிட்டான், அவன் சிரித்தது நல்ல அர்த்தத்தில் இல்லை. எட்டாவது சீசனின் முதல் ஐந்து எபிசோட் ஒரு தனி விழாவாக வந்தது, பரவாயில்லை ரகம். மற்றதை ஓடவிட்டு வேறு வேலை பார்க்கலாம். எதையும் இழக்க மாட்டீர்கள்.

ஒன்பதாவது வெறும் 13 எபிசோட். அதன் ஒன்பதாவது எபிசோடில், ஏற்கெனவே செத்துப்போன ஏரோ நாயகன் ஆலிவராக ஸ்டீபன் அமெல் திரும்பி வருகிறார். கதைப்படி பார்த்தால் பாவம் நிறைய ஓட்டை. ஆனால் பாரியும் அவரும் ஒன்றாக உட்காரும்போது, வருடக்கணக்காகத் தெரிந்த இரண்டு பேர் உட்காருவது தெரிகிறது. கடைசி நான்கு எபிசோட் ஒரே கதை. அதன் முதல் பகுதியில் பாரி 2000-ஆம் ஆண்டுக்கு, அந்த இரவுக்கே, மறுபடியும் போகிறான். இந்த முறை அம்மா அப்பாவோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசக் கிடைக்கிறது. கஸ்டினின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். எத்தனை மோசமான எபிசோடிலும் அந்த மனிதர் கடமைக்கு நடித்ததில்லை.

கடைசிச் சண்டை எடியோடு. முதல் சீசனில் தன்னைச் சுட்டுக்கொண்ட அதே எடியை வில்லனாக எழுப்பியிருக்கிறார்கள். முதல் சீசனின் மிகச் சுத்தமான தியாகத்தையும் கடைசியில் திரும்ப வாங்கிவிட்டார்களே என்று எனக்குக் கோபம். சண்டை எப்படி முடிகிறது தெரியுமா? பாரி அடிப்பதை நிறுத்திவிட்டுப் பேசி முடிக்கிறான். பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஆனால் இந்த ஒரு பேச்சை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: எதிராளி தன் வாழ்க்கை பறிபோனவன், அவனை அடித்துத் தீர்க்க எதுவும் இல்லை. தன் வேகத்தில் ஒரு பங்கை மூன்று புதியவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு பாரி முடிக்கிறான்.

மொத்தமாக மதிப்பெண் கேட்டால் பத்துக்கு ஆறு. முதல் சீசனுக்கு மட்டும் ஒன்பது. அந்தக் குறைந்த ஒன்று, வாரம் ஒரு திருடன் வந்துபோகும் தொடக்க எபிசோடுகளுக்காக. சிறு பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் சூம் வரும் எபிசோடுகளை ராத்திரியில் போடாதீர்கள். குறுக்கே வரும் கூட்டுத் தொடர்களில் 2017-இன் கல்யாண எபிசோடைத் தவறவிடாதீர்கள்: பாரி-ஐரிஸ் கல்யாண மண்டபத்துக்குள் மாற்று உலகத்து நாஜிகள் புகுந்து தாலி கட்டும் நேரத்தில் கலாட்டா செய்கிறார்கள் (அவர்கள் ஊரில் மோதிரம்). எத்தனையோ கல்யாணத்தில் எத்தனையோ கலாட்டாவை வெட்டி ஒட்டியிருக்கிறேன், இப்படி ஒன்று இன்னும் என் டேபிளுக்கு வரவில்லை.